குடலில் குடியிருப்போரும் இதயத்தின் நலமும்

கிருமி என்னும் சொல்லைக் கேட்ட அளவிலேயே நம் உள்ளத்தில் அச்சம் எழுகின்றது. காலரா, காசநோய், டைபாய்டு என நோய்களின் பெயர்களே அச்சொல்லைத் தொடர்ந்து நினைவிற்கு வருகின்றன. வடமொழியில் இச்சொல்லுக்குப் புழு என்பதே பொருள். கண்ணுக்குப் புலப்படாத உயிர்களை மேலை நாட்டார் கண்டறிந்து, அவற்றுட் சில நோய் தருவன என்று மெய்ப்பித்த பின்னர், அச்சொல் அவை அனைத்தின் மேலும் ஏறிக்கொண்டது. நோய் செய்யாதனவும், நன்மை செய்வனவும் கூட அப்பழியிலிருந்து தப்பவில்லை. அறிவு வளர்ந்துவிட்டது, சொல் மட்டும் பழைய அச்சத்தையே சுமந்து நிற்கின்றது. ஆதலின் இக்கட்டுரையில் நுண்ணுயிர் என்னும் சொல்லையே நாம் ஆள்கின்றோம். நுண்ணுயிர் என்பதற்குள் பாக்டீரியா, பூஞ்சை, வைரஸ் ஆகிய பலவும் அடங்குமெனினும், ஈண்டு நாம் பேச எடுத்துக்கொண்டவை நம் குடலில் வாழும் பாக்டீரியாக்களே.

இவற்றைப் பற்றித் தமிழ்த்துறை மலரில் எழுதுவானேன் என்று சிலர் வினவலாம். 2023ஆம் ஆண்டு வெளிவந்த இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பெருங்கணக்கெடுப்பு, நம் நாட்டில் ஏறத்தாழ 10 கோடியே 10 இலட்சம் பேர் சர்க்கரை நோயினர் என்று மதிப்பிட்டது. நம் மாணவர் இல்லங்களில் அந்நோயோ, இரத்தக் கொதிப்போ, மாரடைப்போ எட்டிப் பாராத இல்லம் அரிது. இந்நிலையில், 'குடல் நுண்ணுயிர்களைச் சரிசெய்துவிட்டால் சர்க்கரையும் போகும், இதயநோயும் போகும், மாத்திரையே வேண்டா' என்னும் குரல் பக்கத்திற்குப் பக்கம் ஒலிக்கின்றது. அக்குரலில் பாதி உண்மை கலந்திருப்பதே அதன் ஆபத்து. முழுப்பொய்யை நம்மவர் எளிதில் இனங்காண்பர். பாதி உண்மையை நம்பி மாத்திரையை நிறுத்தியவர் மருத்துவமனைக்குத்தான் போய்ச் சேர்வர். எது மெய்ப்பிக்கப்பட்டது, எது எலிகளின் அளவில் நிற்கின்றது, எது வெறும் வாணிகம் என்று பிரித்தறிவது இப்பொழுது நமக்கு இன்றியமையாதது ஆகின்றது.

குடியிருப்போர் யாவர்?

தம் பற்களில் படிந்திருந்த அழுக்கைச் சுரண்டி எடுத்துத் தாமே செய்த உருப்பெருக்கியின் வழியே நோக்கி, அங்கே சிற்றுயிர்கள் ஓடித்திரிவதை 1683ஆம் ஆண்டில் இலண்டன் அரச கழகத்திற்குக் கடிதமாக எழுதியவர், ஆலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரத்துத் துணி வணிகர் ஆன்டனி வான் லீவன்ஹாக். கல்லூரி வாயிலை மிதித்தறியாதவர் அவர். இரு நூற்றாண்டுகள் கழித்து, 1885இல், தியோடர் எஷெரிக் என்னும் குழந்தை மருத்துவர் பச்சிளங் குழந்தைகளின் மலத்தில் ஒரு பாக்டீரியாவைக் கண்டு விளக்கினார். இன்று அவர் பெயராலேயே அது வழங்குகின்றது.

நம் உடலில் மனித உயிரணு ஒன்றுக்குப் பத்து நுண்ணுயிர்கள் உள்ளன என்று நெடுங்காலம் எழுதிவந்தனர். இன்றும் பலர் அதனையே எழுதுகின்றனர். 2016இல் இசுரேல் நாட்டு வைஸ்மன் நிறுவனத்தார் அக்கணக்கை மீண்டும் போட்டுப் பார்த்தனர். மனித உயிரணுக்கள் ஏறத்தாழ 30 இலட்சம் கோடி, பாக்டீரியாக்கள் ஏறத்தாழ 38 இலட்சம் கோடி என்பது அவர்தம் விடை. அப்பாக்டீரியாக்கள் அனைத்தையும் திரட்டி நிறுத்தால் எடை 200 கிராம் அளவே வரும். பத்துக்கு ஒன்று என்பது மறைந்து ஒன்றுக்கு ஒன்று என்றாயிற்று. எனினும் வியப்பு குறையவில்லை. மனிதனுக்குப் புரதம் ஆக்கும் மரபணுக்கள் ஏறத்தாழ 20,000 தாம். ஐரோப்பியர் 124 பேரின் குடல் நுண்ணுயிர்களை ஆராய்ந்து 2010இல் வெளியிட்ட பட்டியலிலோ 33 இலட்சம் மரபணுக்கள் இருந்தன. நம்மால் இயலாத வேதியியல் வேலைகள் பலவற்றை அவை செய்கின்றன என்பதற்கு இவ்வெண்ணிக்கையே சான்று. இவற்றுள் மிகப் பெரும்பாலானவை பெருங்குடலில் வாழ்கின்றன. இரைப்பையின் அமிலமும் சிறுகுடலின் விரைந்த ஓட்டமும் அவற்றுக்கு ஒவ்வா.

இவற்றுக்கும் முதுமைக்கும் தொடர்புண்டு என்று முதன்முதல் உரக்கச் சொன்னவர் பாரிசு பாஸ்டர் நிறுவனத்தின் எலி மெச்னிகாப். 1908ஆம் ஆண்டு நோபல் பரிசைப் பெற்ற இருவருள் ஒருவர். பெருங்குடலில் நிகழும் அழுகலே உடலை நஞ்சாக்கி முதுமையைத் தருகின்றது, பல்கேரிய உழவர் உண்ணும் புளித்த பால் அதனைத் தடுக்கும் என்பது அவர் கொள்கை. தாமும் நாள்தோறும் புளித்த பாலை உண்டு வந்தார். 1916இல் தம் 71ஆம் அகவையில் இதயம் செயலிழந்து இறந்தார். ஒருவர் வாழ்நாளைக் கொண்டு ஒரு கொள்கையை அளக்கலாகாது என்பதை நாம் அறிவோம். ஆயினும் இன்று புட்டிகளில் அடைத்து விற்கப்படும் நம்பிக்கைகளின் மூதாதை இவரே என்பதால் இதனை ஈண்டுக் குறித்தோம்.

கிருமியற்ற எலிகள்

நம்பிக்கை அறிவியலாக மாறிய இடம் அமெரிக்காவின் செயின்ட் லூயி நகரத்து வாஷிங்டன் பல்கலைக்கழகம். ஆங்கு ஜெப்ரி கார்டன் என்பாரின் ஆய்வகத்தில், நுண்ணுயிர் ஒன்றும் அண்டாத பிளாஸ்டிக் கூண்டுகளில் எலிகளைப் பிறப்பு முதலே வளர்த்தனர். காற்றும் நீரும் தீனியும் தூய்மை செய்யப்பட்டே உள்ளே செல்லும். இவ்வெலிகள் மெலிந்திருந்தன. இயல்பான எலியின் குடல் நுண்ணுயிர்களை அவற்றுக்குப் புகட்டினர். 14 நாட்களில் உடற்கொழுப்பு ஏறத்தாழ 60 விழுக்காடு கூடிற்று. அவை உண்ட தீனியோ முன்னினும் குறைவு! 2004இல் வெளியான இம்முடிவு மருத்துவ உலகைத் திரும்பிப் பார்க்கச் செய்தது.

காரணம் இரண்டு. நம் நொதிகளால் செரிக்க இயலாத நாரை நுண்ணுயிர்கள் உடைத்து அதிலிருந்தும் ஆற்றலைப் பிழிந்தெடுத்து நமக்கு வழங்குகின்றன. அத்துடன், கொழுப்பைச் சேமிக்காதே என்று தடுக்கும் ஒரு புரதத்தின் சுரப்பையும் அவை குடலில் அடக்கிவிடுகின்றன. பஞ்ச காலத்தில் இது பேருதவி. மிகுந்துண்ணும் காலத்தில் இதுவே சுமை.

இதனினும் நயமானது 2013இல் அதே ஆய்வகத்தார் செய்தது. இரட்டையருள் ஒருவர் பருத்தும் மற்றவர் மெலிந்தும் இருக்கும் இணைகளைத் தேடிப் பிடித்தனர். அவர்தம் மலத்திலிருந்த நுண்ணுயிர்களைக் கிருமியற்ற எலிகளுக்குத் தனித்தனியே கொடுத்தனர். பருத்தவரின் நுண்ணுயிரைப் பெற்ற எலியிடம் மிகுதியான கொழுப்புச் சேர்ந்தது. மெலிந்தவரின் நுண்ணுயிரைப் பெற்றது மெலிந்தே இருந்தது. பின்னர் இருவகை எலிகளையும் ஒரே கூண்டில் இட்டனர். எலிகள் ஒன்றன் எச்சத்தை மற்றொன்று தின்னும் இயல்பின. மெலிந்த எலியின் நுண்ணுயிர்கள் மற்றதன் குடலுக்குள் குடியேறி அது கொழுக்காமற் காத்தன. ஆனால் ஒன்று: நார் மிகுந்து கொழுப்புக் குறைந்த தீனி கொடுத்தபொழுதே இது நிகழ்ந்தது. கொழுப்பு மிகுந்து நார் குறைந்த தீனியைக் கொடுத்தபொழுது நல்ல குடியேறிகள் நிலைக்கவில்லை. வந்தவருக்கு உண்ண ஒன்றும் இல்லாத வீட்டில் எவர் தங்குவர்?

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை. பருத்தவர் குடலில் பெர்மிக்யூட்டுகள் என்னும் இனம் மிகுதி, பாக்டீராய்டுகள் என்னும் இனம் குறைவு என்று 2006இல் ஒரு கருத்துப் பரவிற்று. பிற்பாடு பல ஆய்வுகளை ஒருங்கே வைத்து நோக்கியபொழுது அவ்விகிதம் உறுதியாக அமையவில்லை. ஆயினும் மலத்தைப் பரிசோதித்து அவ்விகிதத்தை அச்சிட்டுக் கொடுத்துப் பணம் பெறும் வாணிகம் நிற்கவில்லை. பணத்தை அதற்குச் செலவிடுவதினும் காய்கறிக்குச் செலவிடுவது நன்று என்பது நம் கருத்து.

நார் என்னும் தீனி

நுண்ணுயிர்கள் நாரை நொதிக்கச் செய்யும்பொழுது அசிட்டேட், புரோப்பியோனேட், பியூட்டிரேட் என்னும் மூவகைக் குறுஞ்சங்கிலிக் கொழுப்பு அமிலங்கள் உண்டாகின்றன. பியூட்டிரேட் பெருங்குடலின் உட்சுவர் உயிரணுக்களுக்கு முதன்மையான எரிபொருள். நாம் உண்ட உணவு இரத்தத்தின் வழியே உறுப்புகளுக்குச் செல்வதையே பள்ளியிற் படித்தோம். பெருங்குடற் சுவரோ நுண்ணுயிர் சமைத்ததை நேரே உண்டு வாழ்கின்றது. இவ்வமிலங்கள் குடற்சுவரிலுள்ள சில உயிரணுக்களைத் தூண்டி ஜி.எல்.பி.-1 என்னும் இயக்குநீரைச் சுரக்கச் செய்கின்றன. அவ்வியக்குநீர் இன்சுலின் சுரப்பைத் தூண்டும், பசியை அடக்கும். அண்மைக் காலத்தில் சர்க்கரை நோய்க்கும் உடற்பருமனுக்கும் ஊசியாகப் போடப்படும் செமாகுளுட்டைடு என்னும் மருந்து இவ்வியக்குநீரைப் போலச் செய்யப்பட்டதே. நார் உண்டால் ஊசி வேண்டா என்று இதற்குப் பொருள் கொள்ளலாகாது. ஊசியின் ஆற்றல் பன்மடங்கு. கீரையின் ஆற்றல் சிறிது. ஆனால் கீரை நாள்தோறும் வருவது.

நார் கிடைக்காதபொழுது என்ன நேர்கின்றது? குடலின் உட்சுவரைச் சளிப்படலம் ஒன்று மூடிக் காக்கின்றது. பசித்த நுண்ணுயிர்கள் அதனையே தின்னத் தொடங்குகின்றன என்பதை 2016இல் எலிகளிடத்தே காட்டினர். குடியிருப்போர் கூரை ஓலையைப் பிடுங்கி அடுப்பெரிப்பதை ஒத்தது இது. காப்பு மெலிந்த இடத்தில் நுண்ணுயிர்களின் மேலுறைத் துணுக்குகள் இரத்தத்திற்குள் கசிகின்றன. உடல் அவற்றைப் பகையெனக் கருதி எப்பொழுதும் சிறு சினத்துடன் இருக்கின்றது. மருத்துவர் இதனைத் தாழ்நிலை அழற்சி என்பர். கொழுப்பு மிகுந்த தீனி உண்ட எலிகளில் இக்கசிவு பெருகி, இன்சுலினுக்கு உடல் செவிசாய்க்காத நிலை தோன்றுவதை பெல்ஜிய நாட்டவரான பாட்ரிஸ் கானி முதலியோர் 2007இல் விளக்கினர். சர்க்கரை நோயும் இதய நாள அடைப்பும் பெரும்பாலும் உடன்வருவதேன் என்பதற்கு இத்தாழ்நிலை அழற்சி ஒரு விடையாகின்றது.

கிளீவ்லாந்தில் கண்டது

இனி இதயத்திற்கு வருவோம். ஒகையோ மாநிலத்துக் கிளீவ்லாந்து மருத்துவமனையில் ஸ்டான்லி ஹேசன் என்பாரின் குழு ஒரு வேலையை மேற்கொண்டது. மூன்றாண்டுக்குள் மாரடைப்போ பக்கவாதமோ இறப்போ நேர்ந்தவர்களின் பழைய இரத்தத்தையும், அவ்வாறு நேராதவர்களின் இரத்தத்தையும் எடுத்து, அவற்றில் மிதக்கும் சிறு மூலக்கூறுகளை ஒப்பிட்டனர். எதனைத் தேடுகின்றோம் என்ற முன்முடிவு அவர்களிடம் இல்லை. வலையை வீசி எது சிக்குகின்றது என்று பார்த்தனர். சிக்கியவற்றுள் ஒன்று டிரைமெத்திலமைன் ஆக்சைடு. நீண்ட பெயராதலின் டி.எம்.ஏ.ஓ. என்றே வழங்குவோம். 2011இல் இம்முடிவு வெளிவந்தது.

இப்பொருள் உண்டாகும் வழி நோக்கத்தக்கது. முட்டையின் மஞ்சட்கருவிலும் ஈரலிலும் இறைச்சியிலும் கோலின் உண்டு. ஆட்டிறைச்சி, மாட்டிறைச்சி போன்ற செந்நிற இறைச்சிகளில் கார்னிட்டின் மிகுதி. இவற்றைக் குடல் நுண்ணுயிர்கள் சில அறுத்து டிரைமெத்திலமைன் என்னும் வாயுவை வெளியிடுகின்றன. கெட்டுப்போன மீனின் நாற்றம் இவ்வாயுவின் நாற்றமே. குடலில் உண்டான இது கல்லீரலை அடைகின்றது. அங்குள்ள நொதி ஒன்று இதனை நாற்றமற்ற டி.எம்.ஏ.ஓ. ஆக மாற்றிவிடுகின்றது. அந்நொதி பிறவியிலேயே குறைவுபட்டவர் உடலில் மீன் நாற்றம் வீசும்; அரிய நோய் அது. ஆக, உணவு ஒருவரது, வெட்டுவது நுண்ணுயிர், மெருகிடுவது கல்லீரல், பயனை நுகர்வது இரத்த நாளம். இச்சங்கிலியில் இரண்டாம் கண்ணியை நம் மரபணுக்களுள் எதுவும் செய்ய வல்லதன்று.

இது வெறும் ஊகம் அன்று என்பதைக் காட்ட 2013இல் எளிய சோதனை ஒன்று செய்தனர். நலமுடைய 40 பேருக்கு வேகவைத்த முட்டைகள் இரண்டு கொடுத்தனர். இரத்தத்தில் டி.எம்.ஏ.ஓ. ஏறிற்று. பின்னர்ச் சிலருக்கு ஒரு வாரம் ஆன்டிபயாடிக் மருந்துகளைக் கொடுத்துக் குடல் நுண்ணுயிர்களை ஒடுக்கி, மீண்டும் முட்டை கொடுத்தனர். இம்முறை அப்பொருள் ஏறக்குறைய உண்டாகவே இல்லை. மருந்தை நிறுத்திச் சில வாரங்கள் கழித்து மீண்டும் கொடுத்தபொழுது பழையபடி உண்டாயிற்று. அதே கட்டுரையில், இதய நாளச் சோதனைக்கு வந்த 4,007 பேரை மூன்றாண்டுகள் தொடர்ந்து கவனித்த செய்தியும் உண்டு. டி.எம்.ஏ.ஓ. மிகுந்திருந்த கால்பங்கினருக்கு மாரடைப்பு, பக்கவாதம், இறப்பு ஆகியவை நேரும் வாய்ப்பு, அது குறைந்திருந்த கால்பங்கினரைவிட இரண்டரை மடங்கு இருந்தது.

அதே ஆண்டில் வேறொரு நிகழ்ச்சி. ஐந்தாண்டுகளுக்கு மேலாகப் பாலும் முட்டையும் கூடத் தொடாத ஒருவரை அவர் இசைவுடன் மாட்டிறைச்சித் துண்டம் ஒன்றை உண்ணச் செய்தனர். அவர் இரத்தத்தில் டி.எம்.ஏ.ஓ. ஏறவில்லை! நாள்தோறும் இறைச்சி உண்பவர்க்கோ அதே உணவுக்குப் பின் ஏறிற்று. அறுக்கும் தொழிலாளர் அவர் குடலில் இல்லை. நெடுநாள் வேலை கொடாமையால் அவர் இனம் அருகிவிட்டது. ஒரே பந்தியில் அமர்ந்து ஒரே பதார்த்தத்தை உண்ட இருவருக்கு இருவேறு விளைவுகள் உண்டாவது எங்ஙனம் என்பதற்கு இதனினும் தெளிவான விடையை நாம் கண்டதில்லை.

பிரியாணிக்கு விடைகொடுத்துவிட வேண்டுமோ என்று நம் நண்பர்கள் கவலையுறுதல் இயல்பே. 2019இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில் 113 பேருக்கு ஒரு மாதம் செந்நிற இறைச்சியும், ஒரு மாதம் கோழி போன்ற வெண்ணிற இறைச்சியும், ஒரு மாதம் இறைச்சியற்ற புரதமும் மாற்றி மாற்றி உணவில் முதன்மையாகக் கொடுத்தனர். செந்நிற இறைச்சி உண்ட மாதத்தில் டி.எம்.ஏ.ஓ. சராசரியாக மூன்று மடங்காயிற்று. அதனை விட்டபின் ஒரு மாதத்திற்குள் இறங்கியும் விட்டது. ஆண்டில் சில நாட்கள் உண்பது வேறு, ஒவ்வொரு நாளும் உண்பது வேறு என்பதை இதனின்று அறியலாம்.

மறுப்புரைகள்

இத்துணையும் கூறியபின் மறுப்பாளரின் வாதத்தையும் கேட்டல் வேண்டும். முதலாவது மீன். கடல் மீன்களின் தசையில் டி.எம்.ஏ.ஓ. இயல்பாகவே நிறைந்துள்ளது. மீன் உண்டால் இரத்தத்தில் அது விரைந்து ஏறும். ஆனால் மீன் உண்ணும் மக்களிடத்து இதயநோய் மிகுதி என்று எவரும் காட்டவில்லை. பெரும்பாலான ஆய்வுகள் அதற்கு மாறாகவே கூறுகின்றன. இரண்டாவது சிறுநீரகம். இப்பொருளை வெளியேற்றுவது சிறுநீரகமே. சர்க்கரையாலோ இரத்தக் கொதிப்பாலோ சிறுநீரகம் தளர்ந்தவர்க்கு அது இரத்தத்தில் தேங்கும். அவர்களுக்கே மாரடைப்பும் மிகுதி. அவ்வாறாயின் டி.எம்.ஏ.ஓ. குற்றவாளியா, குற்றம் நடந்த இடத்தில் நின்ற சாட்சியா? 2019இல் மரபணு வேறுபாடுகளைக் கொண்டு செய்த ஆய்வு ஒன்று, சர்க்கரை நோயும் சிறுநீரக நோயுமே இப்பொருளை உயர்த்துகின்றன, இப்பொருள் அந்நோய்களை உண்டாக்கவில்லை என்னும் பக்கமே சாய்ந்தது.

ஹேசன் குழுவினர் வாளாவிருக்கவில்லை. இப்பொருள் இரத்தத் தட்டணுக்களைக் கூருணர்வு உடையனவாக்கி எளிதில் உறையச் செய்கின்றது என்று 2016இல் எலிகளிடத்தும் மனித இரத்தத்திலும் காட்டினர். 2020இல், புரதத்திலிருந்து நுண்ணுயிர்களின் துணையால் உண்டாகும் மற்றொரு பொருளையும் இரத்த உறைவோடு தொடர்புபடுத்தினர். வழக்கு இன்னும் நடைபெறுகின்றது. தீர்ப்பு எழுதப்படவில்லை. நுண்ணுயிரை ஒழித்தால் மாரடைப்பு ஒழியும் என்று ஆன்டிபயாடிக் மருந்துகளை உண்ணத் தலைப்படுவோர், கேட்கும் முன்னரே தீர்ப்பளிப்போர். இதயநோயினர்க்கு அசித்ரோமைசின் முதலிய ஆன்டிபயாடிக்குகளைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வுகள் முன்னரே நிகழ்ந்தன. அவை வேறொரு நுண்ணுயிரைக் குறிவைத்தவை எனினும், மாரடைப்பைக் குறைக்கவில்லை என்பதே முடிவு.

ஆன்டிபயாடிக் பற்றி மேலும் ஒரு சொல். 1940களின் இறுதியில் அமெரிக்காவின் லெடர்லே நிறுவனத்தில், ஆரியோமைசின் தயாரித்தபின் எஞ்சிய சக்கையைத் தின்ற கோழிக்குஞ்சுகள் விரைந்து பருப்பதைக் கண்டனர். அன்று முதல் கால்நடைகளைக் கொழுக்கவைக்கவே உலகெங்கும் சிற்றளவில் அம்மருந்துகளைத் தீனியிற் கலந்தனர். ஐரோப்பிய ஒன்றியம் 2006இல் இவ்வழக்கத்தைத் தடை செய்தது. கோழிக்கு நேர்ந்தது குழந்தைக்கும் நேருமா என்பது திறந்த வினா. சளி பிடித்த நாளே மருந்துக் கடையில் நாமே கேட்டு வாங்கி உண்பதை நிறுத்த அவ்விடைக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

நம் தட்டில் உள்ளவை

மெலிந்தவரின் மல நுண்ணுயிர்களைச் சர்க்கரை நோயின் வாயிலில் நிற்போர்க்குக் குழாய் வழியே செலுத்தும் முயற்சி ஆம்ஸ்டர்டாம் நகரில் நடந்தது. 2012இல் 18 ஆடவரிடம் செய்தபொழுது ஆறு வாரத்தில் இன்சுலினுக்கு உடல் செவிசாய்த்தல் மேம்பட்டது. 2017இல் 38 பேரிடம் மீண்டும் செய்து நெடிது கவனித்தனர். ஆறு வாரத்தில் தோன்றிய பயன் பதினெட்டாம் வாரத்தில் மறைந்துவிட்டது. உண்ணும் உணவு மாறாதிருக்க, குடியேறியவை மட்டும் நிலைக்கவில்லை.

ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2021இல் வெளியிட்ட ஆய்வு எளியது. நலமுடைய 36 பேரை இரு பகுதியினராக்கிப் பத்து வாரங்கள், ஒரு பகுதியினர்க்கு நார் மிகுந்த உணவும், மற்றவர்க்குத் தயிர் போன்ற புளிக்கவைத்த உணவுகளும் மிகுதியாகத் தந்தனர். புளித்தவற்றை உண்டோரின் குடலில் நுண்ணுயிர் வகைகள் பெருகின. அழற்சியைக் காட்டும் புரதங்கள் 19 குறைந்தன. நார் உண்டோரிடம் அத்தகைய சீரான மாற்றம் அக்குறுகிய காலத்தில் தோன்றவில்லை. 36 பேர் என்பது சிறு தொகை. இதய நோய் குறைந்தது என்று இவ்வாய்வு கூறவும் இல்லை.

நம் வீடுகளில் தயிரும் மோரும், இட்லி மாவும், நீரூற்றிய பழைய சோறும் இருந்தன, இருக்கின்றன. இட்லியில் மாவைப் புளிக்கவைத்த உயிர்கள் ஆவியில் வெந்து மடிந்துவிடுகின்றன. தயிரிலும் பழைய சோற்று நீரிலும் அவை உயிருடன் வருகின்றன. ஆறிய சோற்றில் மாவுப்பொருளின் ஒரு சிறு பகுதி இறுகி, செரியாது பெருங்குடல் வரை சென்று நாரின் வேலையைச் செய்கின்றது. இவை உண்மை. பழைய சோறு சர்க்கரை நோயைத் தீர்க்கும் என்பது உண்மையன்று. அதுவும் சோறே, அளவறிந்தே உண்ணத்தக்கது. வள்ளுவர் மருந்து என்னும் அதிகாரத்தின் பெரும்பகுதியை உண்ணும் முறைக்கே ஒதுக்கினார். ஆயினும், அவர் நுண்ணுயிரையும் அறிந்தே எழுதினார் என்று மேடையில் முழங்குவாரோடு நாம் உடன்படோம். அவர் பெருமைக்கு அம்முழக்கம் வேண்டுவதன்று. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு, கேழ்வரகு, முருங்கைக்கீரை, வாழைத்தண்டு, கொய்யா என வகைவகையாக நார் சேர்வது நுண்ணுயிர்களுள் பலவகையினர்க்கும் தீனியாகும். வெள்ளைச் சோறும் பரோட்டாவும் மட்டுமே தட்டில் மாறிமாறி அமருமாயின், கடையில் வாங்கும் நுண்ணுயிர் மாத்திரை எதனை உண்டு வாழும்? அமெரிக்க இரைப்பைக் குடலியல் கழகமே 2020இல், பெரும்பாலான செரிமான நோய்களுக்கு அத்தகைய மாத்திரைகளைப் பரிந்துரைக்கப் போதிய சான்றில்லை என்று கூறிவிட்டது.

மாத்திரையும் நுண்ணுயிரும்

மாத்திரையை விட்டுவிட்டு நுண்ணுயிரைப் பேணலாம் என்போர் அறியாதது ஒன்றுண்டு. சர்க்கரை நோயினர் உண்ணும் மெட்பார்மின் தானும் குடல் நுண்ணுயிர்களை மாற்றியே வேலையின் ஒரு பகுதியைச் செய்கின்றது. சர்க்கரை நோயினர் குடலில் தனித்ததொரு நுண்ணுயிர் அமைப்பு உண்டென்று சீனரும் ஐரோப்பியரும் வெவ்வேறு விதமாகக் கூறிவந்தனர். அவ்வேறுபாட்டில் ஒரு பகுதி நோயால் அன்று, மெட்பார்மினால் விளைந்தது என்பது 2015இல் தெளிவாயிற்று. இரண்டாண்டு கழித்து, அம்மருந்தை உண்டவரின் நுண்ணுயிர்களைப் பெற்ற கிருமியற்ற எலிகள் சர்க்கரையை மேலும் நன்கு கையாண்டன என்று காட்டினர். மாத்திரைக்கும் நுண்ணுயிருக்கும் பகை கற்பித்தவர் மருத்துவர் அல்லர், விளம்பரக்காரரே.

இதயத்திற்குரிய மருந்திலும் இத்தகைய கதை ஒன்றுண்டு; இது பழையது. ஆங்கில மருத்துவர் வில்லியம் விதரிங், நீர்க்கோவைக்கு நாட்டு மருந்தாக வழங்கிய டிஜிட்டாலிஸ் என்னும் பூச்செடியின் இலையை முறைப்படி ஆராய்ந்து 1785இல் நூல் எழுதினார். அச்செடியினத்திலிருந்து கிடைக்கும் டைகாக்சின் என்னும் மருந்து, தளர்ந்த இதயத்திற்கும் தாறுமாறான துடிப்பிற்கும் இன்றும் கொடுக்கப்படுகின்றது. அளவு குறைந்தால் பயனில்லை, சிறிது கூடினால் நஞ்சு. ஏறத்தாழ பத்தில் ஒருவருக்கு எவ்வளவு கொடுத்தும் மருந்தின் பெரும்பகுதி பயனற்ற வேறு பொருளாக மாறி வெளியேறுவது மருத்துவர்களைத் திகைக்க வைத்தது. அதனை மாற்றுவது குடல் நுண்ணுயிரே என்று 1981இல் அமெரிக்க மருத்துவர் லிண்டன்பாம் குழுவினர் காட்டினர். எகெர்தெல்லா லென்டா என்பது அதன் இன்றைய பெயர். அம்மருந்தைச் செயலிழக்கச் செய்யும் மரபணுக்களை 2013இல் கண்டறிந்தனர்.

இதில் கவனிக்கவேண்டிய இடம் ஒன்றுண்டு. அந்நுண்ணுயிர் குடலில் உள்ள ஒருவருக்கு, அது தின்பதையும் ஈடுகட்டி மருத்துவர் டைகாக்சின் அளவை உயர்த்தியிருப்பார். அவர் தொண்டைப் புண்ணுக்கென்று எரித்ரோமைசினோ டெட்ராசைக்கிளினோ தாமாக வாங்கி ஐந்து நாள் உண்கின்றார் என்று கொள்வோம். தின்பது மடிகின்றது. நேற்றுவரை அளவாயிருந்த அதே மாத்திரை இன்று இரத்தத்தில் ஏறக்குறைய இருமடங்காகலாம் என்பதை 1981ஆம் ஆண்டின் அச்சோதனைகளிலேயே கண்டனர். வாந்தி, கண்ணில் மஞ்சள் நிறத் தோற்றம், இதயத் துடிப்பில் குழப்பம் ஆகியன அந்நஞ்சின் அறிகுறிகள். இதய மாத்திரை உண்ணும் முதியோர் இல்லத்தில் இருப்பின், வேறு மருந்து எதனை வாங்கும்பொழுதும் அவர் உண்ணும் மாத்திரைகளின் சீட்டையும் உடன் எடுத்துச்சென்று மருத்துவரிடம் காட்டுமாறு மருத்துவர்கள் வற்புறுத்துவதன் காரணங்களுள் இதுவும் ஒன்று.